கோர்ட்டுக்கும் சிட்டி ஹாலுக்கும் நடுவே ஒரு புல்வெளி

1

நேற்று இங்கே ரக்பி ஆட்டம். இரண்டு நாள் முன்னதாகவே என் சூப்பர்வைசர் போன் செய்து, அன்றைக்கு வேலைக்கு வரவேண்டாம், சம்பளம் பிடிக்கமாட்டோம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன வருடம் இதே மார்ச் மாதத்தில், இதே மாதிரி ஓர் ஆட்ட நாளில் நடந்தது இருவருக்குமே நினைவிருந்தது.

வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மலருக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. மகள் யாழினி தோழிகளோடு போய்விட்டாள். ஜன்னலுக்கு வெளியே தங்கள் அணியின் சிவப்புச் சட்டை போட்ட ஜனங்கள் பாடிக்கொண்டு ஸ்டேடியத்தை நோக்கிப் போனார்கள். அப்பா தோளில் பிள்ளைகள், தலையில் மஞ்சள் பூ வைத்த தொப்பி. சந்தோஷமான கூட்டம்தான். நான் மட்டும் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்தேன்.

ஊரிலிருந்து போன் பேசுகிறவர்கள், "அங்க என்னமோ கேஸாமே?" என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று மழுப்புவேன். யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. நேற்று அந்தப் பாட்டுச் சத்தம் தேய்ந்தபிறகு, எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

நான் இருப்பது கார்டிஃப். பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் வேல்ஸ் என்று ஒரு நாடு, அதன் தலைநகரம். மலர் நர்ஸ். அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். அரியலூரில் லாரிப் பட்டறை வைத்திருந்தவன், இங்கே ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்காகப் புல் வெட்டுகிறேன்.

வேலை பார்க்கும் இடத்தைச் சொல்லவேண்டும். நகரத்தின் நடுவில், ஒரு காலத்தில் பிரபு குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த பூங்கா நிலத்தில், அரசுக் கட்டடங்களை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். நடுவில் சிட்டி ஹால், அதன் குவிமாடத்தின் உச்சியில் ஒரு டிராகன். ஒரு பக்கம் கோர்ட், மறுபக்கம் மியூசியம். பின்னால் பல்கலைக்கழகம், போரில் செத்தவர்களுக்கான தூண் மண்டபம். நூறு வருடத்துக்கு மேலாகியும் எல்லாம் ஒரே வெள்ளை. எல்லாவற்றுக்கும் நடுவே புல்வெளிகள், பூப்பாத்திகள், மர வரிசைகள். அவற்றின் ஓரத்தை நேராக வெட்டிவைப்பதும் சருகு வாருவதும் எங்கள் ஆறு பேர் வேலை.

நம் பக்கத்தில் கலெக்டர் ஆபீசுக்கு ஒரு திசை, கோர்ட்டுக்கு ஒரு திசை, சார்பதிவாளர் ஆபீசுக்கு ஒரு சந்து. ஒரு பட்டா மாற்றத்துக்குள் ஊரையே சுற்றிவந்துவிடுவோம். எங்களுக்கு மாவட்டமே ஓரிடத்தில் நின்றதில்லை. நான் பிறந்தபோது எங்கள் வீடு திருச்சி மாவட்டத்தில் இருந்தது. பள்ளிச் சான்றிதழில் பெரம்பலூர் மாவட்டம். நடுவில் அரியலூர் மாவட்டம் என்றார்கள், உடனே இல்லை என்றார்கள், பிறகு மறுபடியும் ஆமாம் என்றார்கள். என் கல்யாணப் பதிவில் அரியலூர். வீடு ஓர் அங்குலம் நகரவில்லை. இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது ஆபீசில் ஒரு பெண், ஏன் இத்தனை ஊர் மாறினீர்கள் என்று கேட்டு, ஒவ்வோர் ஊரிலும் குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்டாள். நான் மாறவில்லை, மாவட்டம்தான் மாறியது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இவன் எதையோ மறைக்கிறான் என்று இருந்தது. விண்ணப்பம் அப்படியே ஊறிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் இதெல்லாம் நடந்தது.

முதல் வாரமே நான் கவனித்த ஒன்று உண்டு. இந்தக் கட்டடங்களின் சுவரில், மழை அரித்த இடங்களில் சிப்பி சிப்பியாகத் துருத்திக்கொண்டிருக்கும். கூட வேலை செய்கிறவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. எனக்குப் பட்டது. கடல் கிடந்து வற்றிய சுண்ணாம்புக்கல் அது. எங்கள் சுரங்கக் கல்லிலும் அப்படித்தான் சிப்பி இருக்கும். மற்றவர்கள் மதியம் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு சாண்ட்விச் தின்பார்கள். நான் சாய்வதில்லை. அதற்குக் காரணம் என் தம்பி.

3

என் தம்பி குமரேசன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். சுரங்கத்திலிருந்து சிமெண்டு ஆலைக்கு நடை. எங்கள் மாவட்டத்து ரோடுகளில் அந்த லாரிகள் ஓடும் வேகம் உங்களுக்குத் தெரியும். யாராவது அடிபட்டால் வண்டியை நிறுத்தாதே, நேராக ஸ்டேஷனில் போய் நில் என்பது டிரைவர்களின் பாடம். குமரேசனுக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தோம்.

விக்கிரமங்கலம் போகிற வழியில் ஒரு கூட்டுரோடு. ஊர்ப்பெயர் வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்த ஒரு பெண்பிள்ளை மேல் முன்னால் போன லாரி ஏறிவிட்டது. அந்த லாரி நிற்கவில்லை. பின்னால் வந்தவன் குமரேசன். அவன் நிறுத்திவிட்டான். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடி, பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்திருக்கிறான். அதற்குள் ஊர்ஜனம் வந்துவிட்டது. அவர்கள் கண்ட காட்சி ஒரு கல் லாரி, கீழே பிள்ளை, கையெல்லாம் ரத்தத்தோடு ஒரு டிரைவர். அவ்வளவுதான்.

லாரியில் இருந்த கல்லையே எடுத்து அடித்தார்கள். தேங்காய் அளவில், சிலது பூசணி அளவில். அவன் லாரிக்கு அடியில் ஊர்ந்துபோய் ஒளிந்தான். காலைப் பிடித்து வெளியே இழுத்து மறுபடி அடித்தார்கள். எனக்குப் போன் வந்து பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அவன் ரோட்டோரம் கிடந்தான். முகத்தை வைத்து என் தம்பி என்று சொல்ல வழியில்லை. கையில் மலர் கட்டிவிட்ட கயிற்றைப் பார்த்துத்தான் சொன்னேன். பத்தடி தள்ளி அந்தப் பெண்பிள்ளையை ஒரு சேலையால் மூடி வைத்திருந்தார்கள். அவளுடைய தகப்பன் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தான். அவன் கையிலும் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தக் கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருந்தவர் பாக்கியம் அக்கா. அதே ஊர்க்காரர், புருஷன் இல்லை. கருமாதி முடிந்த மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "தம்பி, அவன் தண்ணி பாட்டிலோடதான் எறங்குனான். வேற ஒண்ணும் அவன் கையில இல்ல. நான் பாத்தேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றார்.

கேஸ் நடந்தது. ஊரில் மற்ற யாரும் எதையும் பார்க்கவில்லை. பாக்கியம் அக்கா மட்டும் கோர்ட்டுக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வளாகத்துக்குள் நுழையும்போதே குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீட்டுப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முடியைப் பிடித்து இழுத்து, செருப்பால் வாயில் அடித்தார்கள். சொந்த ஊரையே காட்டிக்கொடுக்க வந்தாயா என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். வக்கீல்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் இன்னொருவரும் பிரித்துவிட்டோம். உதடு கிழிந்து தொங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே கூண்டில் ஏறினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். இத்தனை பேர் கூட்டத்தில் முதலில் அடித்தது யார், சொல் பார்க்கலாம்.

பாக்கியம் அக்கா வாயிலிருந்து துணியை எடுத்தார். "மொத அடி யாருதுன்னு தெரியாதுங்கய்யா. கடேசிக் கல்லு யாரு கையில இருந்துச்சுன்னு தெரியும்" என்று சொல்லி, நின்றிருந்தவர்களில் ஒருவனைக் கைகாட்டினார்.

எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார்கள். கூட்டத்தில் ஆளை அடையாளம் காட்டியது சந்தேகத்துக்கு இடமாக இருக்கிறதாம். அந்த வாரமே அவர் கடையை அடித்து நொறுக்கி, பாய்லரைக் குளத்தில் தூக்கிப் போட்டார்கள். அவர் ஜெயங்கொண்டம் போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் இட்லி போட ஆரம்பித்தார். மாதம் ஒருமுறை நான் போன் செய்வேன். வியாபாரம், மழை, முந்திரி விலை என்று பேசுவோம். குமரேசன் பெயரை இருவரும் எடுப்பதில்லை.

4

போன வருட ஆட்ட நாள். மத்தியானம். கோர்ட்டுக்கும் சிட்டி ஹாலுக்கும் நடுவே உள்ள புல்வெளியின் ஓரத்தை மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஊர் மண்வெட்டி நம்முடையதுபோல் வளைந்திருக்காது. நீளக் காம்பு, நேரான தகடு, கூர்மையாக இருக்கும்.

சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரு பையன் மின்சார சைக்கிளில் வந்தான். பஞ்சாப்பிலிருந்து படிக்க வந்தவன், ஹர்மன் என்று பெயர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. எதிரே ஒரு சிவப்புச் சட்டைக் கும்பல், கையில் பீர் டப்பாக்கள், கூடவே ஐந்தாறு வயதுக் குழந்தை ஒன்று. குழந்தை சட்டென்று ரோட்டில் இறங்கியது. பையன் பிரேக் பிடித்தான். சைக்கிள் சறுக்கி, கைப்பிடி குழந்தையின் மேல் பட்டு, குழந்தை விழுந்தது. முழங்கால் சிராய்ப்பு, அவ்வளவுதான். குழந்தை எழுந்து நின்று அழுதது.

ஹர்மன் ஓடியிருக்கலாம். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையிடம் குனிந்தான்.

அவன் குனிந்த அந்த நொடியில் இறங்காதே, குனியாதே, ஓடு என்று கத்தினேன். தமிழில் கத்தினேன்.

முதல் உதை அவன் விலாவில் விழுந்தது. பிறகு எத்தனை கால்கள் என்று தெரியவில்லை. சுற்றி வட்டம் கட்டிவிட்டார்கள். சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். நான் மண்வெட்டியோடு ஓடினேன். ஒருவன் என்னைத் தள்ளினான், இன்னொருவன் கன்னத்தில் குத்தினான், பல் ஒன்று ஆடியது. வட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் மூச்சுவாங்கி நின்றுவிட்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் நிறுத்தவில்லை. குழந்தையின் தகப்பன். ஹர்மனின் தலை ரோட்டோரக் கருங்கல் விளிம்பில் கிடந்தது. தகப்பன் காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, குதிகாலால் அந்தத் தலையின் மேல் இறக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மிதிக்கும் ஈரத்துணியைத் துவைக்கும் சத்தம். குழந்தை "டாடி, டாடி" என்று அலறிக்கொண்டிருந்தது. அப்பனைத் தேடிக் கூப்பிட்டதோ, நிறுத்தச் சொன்னதோ.

நான் மண்வெட்டியைத் தூக்கி இறக்கினேன். அவன் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்ததைக் கேட்டேன். அவன் அப்படியே மடங்கி உட்கார்ந்தான்.

தட்டையாகத்தான் விழுந்தது, வெட்டுவாயாக விழவில்லை. தூக்கும்போது வெட்டுவாய் அவன் கழுத்தைப் பார்த்துத்தான் இருந்தது. இறக்கும்போது நான் திருப்பினேனா, காம்பு வியர்வையில் தானாகத் திரும்பியதா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கணத்தில் எனக்கு முன்னால் கார்டிஃப் இல்லை, சிவப்புச் சட்டை இல்லை. வெள்ளைக் கல்லைக் கையில் வைத்திருக்கும் ஒருவன்தான் இருந்தான். அவனைக் கொல்ல விரும்பினேன். இதைக் கோர்ட்டில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

5

போலீஸ் வந்தபோது ஹர்மனின் காதிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு இளம் போலீஸ்காரர் என்னிடம் கேட்டதை எல்லாம் எழுதிக்கொண்டார். அவனை ஒன்று போட்டேன் என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஐ புட் ஹிம்" என்றேன். அவர் தள்ளினேன் என்று புரிந்துகொண்டு "புஷ்டு" என்று எழுதிவிட்டார். படித்துக் காட்டியபோது என் காதில் எதுவும் ஏறவில்லை. தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். மண்வெட்டி புல்லில் கிடந்தது. பிறகு என் கூட்டாளி ஒருவர் அதையும் மற்ற சாமான்களோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஹர்மன் பல நாள் நினைவில்லாமல் கிடந்தான். பிழைத்தாலும் ஒரு காது போய்விட்டது. மிதித்தது யார் என்று அவனால் சொல்ல முடியவில்லை. போன்களில் எடுத்த படங்களில் தெரிந்ததெல்லாம் சிவப்பு முதுகுகள். தகப்பன் சொன்ன கதை வேறு. குழந்தையை இழுத்துக்கொள்ளத்தான் போனேன், யாரோ பின்னாலிருந்து தாக்கி என் தோளை உடைத்துவிட்டார்கள், மிதித்தது யாரோ இன்னொரு சிவப்புச் சட்டை.

தகப்பன்மேல் கேஸ் போட்டார்கள். சாட்சி சொல்ல எனக்கு அழைப்பு வந்தது. கூடவே என் வாக்குமூலத்தின் நகலும் வந்தது. யாழினி அதைப் படித்துத் தமிழில் சொல்ல முயன்றாள். நடுவில் நிறுத்தி, "ப்பா, இதுல நீ தள்ளுனேன்னு இருக்கே" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

மாற்றிச் சொல்லவேண்டும் என்றேன். மலர் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண்வெட்டியால் ஒருவன் எலும்பை உடைத்ததாக நானே ஒப்புக்கொண்டால் என்மேல் கேஸ் வரலாம், கேஸ் வந்தால் குடியுரிமை போகும், அவள் வேலைக்கும் ஆபத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. கடைசியில் குரல் தாழ்ந்துவிட்டது. "என்னங்க, தப்பா எழுதுனது அவங்க. நீங்க பொய் சொல்லல. அப்படியே வுட்டுடுங்க. ஒரு சாவு பாத்தாச்சு நம்ம வூட்டுல. போதும்."

இரண்டு நாள் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு செங்கல் சமையலறை ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து விழுந்தது. கண்ணாடித் துண்டு ஒன்று மலரின் முழங்கையைக் கிழித்தது. நர்ஸ் அவள், கத்தவில்லை. குழாயில் கையை நீட்டிக் கழுவினாள், பஞ்சு வைத்து அழுத்தினாள், யாழினியிடம் பிளாஸ்டர் கேட்டாள். வெளியே யாரோ ஓடிப்போனார்கள். போலீஸ் வந்து, ஏதாவது நடந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனது.

யாழினியைப் பற்றியும் சொல்லவேண்டும். அவளுக்குப் பதினேழு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள், தோழிகளோடு பள்ளியில் படித்த வெல்ஷ் பாஷையில் சிரித்துப் பேசுவாள். குமரேசனை அவளுக்கு ஞாபகம் இல்லை. சித்தப்பா லாரி விபத்தில் இறந்தார் என்று மட்டும்தான் சொல்லி வளர்த்திருந்தோம். அவள் எங்களை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று மலரும் நானும் அடிக்கடி பேசிக்கொள்வோம். அன்றைக்குத் தரையில் கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே, அந்த ஆளை அப்படி அடிக்கும் அளவுக்கு உனக்கு ஏன் கோபம் வந்தது என்று கேட்டாள். நான் சொன்னேன். கூட்டுரோடு, தண்ணீர் பாட்டில், கல், பாக்கியம் அக்காவின் உதடு, எல்லாவற்றையும். மலர் தடுக்கவில்லை. யாழினி துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அழுதாள். கோபமும் பட்டாள், இத்தனை வருடம் தன்னிடம் பொய் சொன்னோம் என்று. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் வந்து, கோர்ட்டுக்குத் தானும் வருவேன் என்றாள்.

6

தினம் நான் புல் வெட்டும் வெளியைத் தாண்டி, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு, கோர்ட்டின் முன்படியில் ஏறினேன். கூட வேலை பார்க்கிறவர்கள் தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார்கள். சுவரைத் தொடாமல் நடந்தேன்.

மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப்பையன் வந்திருந்தான். லண்டனில் வளர்ந்தவன், மரியாதையானவன், பேச்சு மட்டும் பாடப்புத்தகம்போல் இருந்தது. அரசு வக்கீல் கேட்க நான் சொன்னேன். மற்றவங்க நிறுத்திட்டாங்க, இவன் மட்டும் சாத்து சாத்துன்னு சாத்துனான் என்றேன். பையன் ஒரு கணம் யோசித்து, இவர் மட்டும் மூடிக்கொண்டே இருந்தார் என்று மொழிபெயர்த்துவிட்டான். எதை மூடினார் என்று நீதிபதி கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். எங்கள் பக்கத்தில் கதவையும் சாத்துவோம், ஆளையும் சாத்துவோம் என்று எப்படிச் சொல்வது?

நான் காலைத் தூக்கிக் கூண்டின் மரத்தரையில் குதிகாலால் ஓங்கி மிதித்தேன். அந்தப் பெரிய அறை அதிர்ந்தது. மறுபடி மிதித்தேன். மறுபடியும். ஜூரியில் இருந்த ஒரு வயதான அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். போதும் என்று நீதிபதி கைகாட்டினார். அதற்குப் பிறகு யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சத்தம் போடாத மனிதர். நீங்கள் யாரையோ தள்ளியதாகப் போலீசில் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே சட்டையில் இருந்தார்கள். உங்களுக்கும் அடி விழுந்திருக்கிறது. பதட்டத்தில் இருந்த நீங்கள், மிதித்தவர் என் கட்சிக்காரர்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்லமுடியும் என்று கேட்டார்.

இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தும், கேள்வி அதே கேள்விதான்.

"தள்ளலைங்க. அடிச்சேன்" என்றேன்.

பையன் மொழிபெயர்த்தான். வக்கீல் தலைநிமிர்ந்தார். நீதிபதி உடனே கையைத் தூக்கி, ஜூரியை வெளியே அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி நிதானமாகப் பேசினார். உங்கள்மேல் குற்றம் வரக்கூடிய எதையும் நீங்கள் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, வேண்டுமானால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

பார்வையாளர் வரிசையைப் பார்த்தேன். மலர் குனிந்து, முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள். யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலர் நிமிர்ந்தாள். தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டு நேராக உட்கார்ந்தாள். அவள் எனக்குக் கொடுத்த உத்தரவாக அதை எடுத்துக்கொண்டேன்.

யாரையும் கேட்கவேண்டியதில்லை, சொல்கிறேன் என்றேன். ஜூரி திரும்பி வந்தது.

மண்வெட்டியால் அடித்ததைச் சொன்னேன். எந்தத் தோள், எந்த இடம், எலும்பு முறிந்த சத்தம், அவன் மடங்கி உட்கார்ந்த விதம். அன்றைக்கு அந்த இடத்தில் தோள் உடைந்தவன் ஒரே ஒருவன்தான். நான் அடித்தது மிதித்துக்கொண்டிருந்தவனை. அவன் அதோ உட்கார்ந்திருக்கிறான்.

ஏன் அடித்தீர்கள் என்று வக்கீல் கேட்டார்.

"அடிக்கலன்னா கீழ கெடந்தவன் செத்திருப்பான்."

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

7

தகப்பன் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. சிறைத்தண்டனை. அவன் மனைவி தீர்ப்பைக் கேட்டு வெளியே வந்து, படியில் நின்று என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். எச்சில் என் ஷூவில் விழுந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தையும் நின்றது. முழங்கால் ஆறியிருந்தது. யாழினி முன்னால் பாய்ந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். என் கோபம் அவளுக்கும் வந்திருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். அது எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. வா, போகலாம் என்று தமிழில் சொன்னேன். வந்தாள்.

போலீஸ் என்னைக் கூப்பிட்டு மறுபடி விசாரித்தது. இன்னொருவர் உயிரைக் காப்பாற்ற அடித்ததால் என்மேல் நடவடிக்கை இல்லை என்று பிறகு சொல்லிவிட்டார்கள். குடியுரிமை விஷயம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. வந்தால் அதே சிட்டி ஹாலில்தான் உறுதிமொழி எடுக்கவேண்டும் என்கிறார்கள். வராமலும் போகலாம். மலர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. உடைந்த ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டுவிட்டோம். சாயங்காலமானால் சமையலறையில் யாரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை.

தீர்ப்பு வந்த அன்று மத்தியானம், வீட்டுக்குக்கூடப் போகாமல், மியூசியத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பாக்கியம் அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம். பஸ் ஸ்டாண்டின் இரைச்சல், கும்பகோணம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் கண்டக்டரின் குரல், இட்லிச் சட்டி மூடியை வைக்கும் சத்தம். கார்டிஃபில் நடந்ததை அதற்குமுன் அவரிடம் சொன்னதில்லை. குனிந்த பையன், வட்டம் கட்டிய கூட்டம், மிதித்த கால், நான் கூண்டில் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ இட்லி கேட்டார்கள், கொஞ்சம் இருங்க என்றார். நான் சொல்லி முடித்தேன்.

தண்டனை எத்தனை வருடம் என்று அவர் கேட்கவில்லை.

"அந்தப் புள்ள பொழச்சானா?" என்றார்.

"பொழச்சிட்டான்க்கா. ஒரு காது மட்டும் கேக்காது."

"அது கெடக்குது, தம்பி. பொழச்சிட்டான்ல."

வாயில் அடித்தபோதும், எல்லோரையும் விடுதலை செய்தபோதும், கடையை உடைத்தபோதும் அழாதவர், அந்த இரைச்சலுக்கு நடுவில் நின்று அழுதார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கும்பகோணம் பஸ் கிளம்பிப் போகும்வரை அழுதார்.